கினிப்பன்றிக்குக் குளிர்கால நொறுக்குத் தீனி

கேள்வி: வீட்டில் இரண்டு கினிப்பன்றிகள். கோடை முழுக்க வெளியில் பறித்த டேன்டெலியன் என்ற களைச்செடியின் இலை தின்றே பழகிவிட்டன. குளிர்காலத்தில் ஒன்றும் முளைக்காது. இப்போதே பறித்துக் காயவைத்துக்கொள்ளலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் காய்ந்த இலை நொறுக்குத் தீனிதான், சாப்பாடு இல்லை. நம்மைப் போலவே கினிப்பன்றிக்கும் வைட்டமின் சி-யை உடம்புக்குள்ளேயே தயாரிக்கத் தெரியாது. ஒரு கிலோ எடையுள்ளதற்குத் தினமும் 10 முதல் 30 மில்லிகிராம் வரை வேண்டும். இலை காயக் காய அந்தச் சத்தில் பெரும்பகுதி போய்விடும். அதனால் ஜாடி ஜாடியாக நிரப்பி வைத்தாலும் தினம் ஒரு துண்டு சிவப்புக் குடைமிளகாய் கொடுத்தே ஆகவேண்டும். ஒரு கினிப்பன்றிக்கு 20 கிராம் இருந்தாலே ஒரு நாளைக்குப் போதும். உலர்புல் எப்போதும் தட்டு நிறைய இருக்கட்டும், வளர்ந்துகொண்டே போகும் பல்லைத் தேய்த்து வைப்பது அதுதான்.

சரி, எதைப் பறிப்பது? டேன்டெலியன், பிளாக்பெர்ரி இலை, ஆப்பிள், ஹேசல் மரங்களின் இளங்கிளை, இவை நல்லவை. தொட்டால் அரிக்கும் நெட்டில் செடியைக்கூடக் கையுறை போட்டுப் பறிக்கலாம், நன்றாகக் காய்ந்ததும் அரிப்பு போய்விடும். இதைப் பார்த்துவிட்டு, காய்ந்தால் எல்லா விஷமும் போய்விடும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். மஞ்சள் பூ பூக்கும் ராக்வொர்ட் காய்ந்த பிறகும் விஷம்தான். யூ மரம், ஐவி கொடி, ஃபாக்ஸ்குளோவ் செடி, இவையும் விஷம், பக்கமே போகவேண்டாம். செர்ரி, பிளம், பீச் போன்ற கொட்டைப் பழ மரங்களின் கிளையும் வேண்டாம். ஒரு செடியைப் பார்த்து 'அதுதான்னு நினைக்கிறேன்' என்று தோன்றினால் பறிக்காதீர்கள். சாலையோரம், மருந்து தெளித்த இடம், நாய்கள் நடக்கும் இடம், இதெல்லாம் சேரவே சேராது.

காயவைப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள், நானும் விட்டிருக்கிறேன். பனி உலர்ந்த பிறகு பறித்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் நிழலில் பரப்பி, தினம் ஒருமுறை புரட்டிவிடுங்கள். வெயிலில் போட்டால் நிறமும் மணமும் போய்விடும். இலையைக் கையில் கசக்கினால் சரசரவென்று நொறுங்கவேண்டும், காம்பு வளையாமல் பட்டென்று ஒடியவேண்டும். இலை நொறுங்கியதைப் பார்த்துவிட்டுக் காம்பைச் சோதிக்காமல் ஒருமுறை கண்ணாடி ஜாடியில் அடைத்துவிட்டேன். நாலே நாளில் உள்சுவரில் வியர்த்திருந்தது, திறந்தால் பூசண வாடை, மொத்தமும் குப்பைக்குப் போனது. மேலாக இருந்ததை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு மீதியைக் கொடுக்கலாமே என்ற ஆசை வரும், கூடவே கூடாது. அப்புறம் ஒரு வழி வைத்துக்கொண்டேன்: முதல் வாரம் ஜாடியில் வைத்துத் தினம் பார்ப்பேன், துளி ஈரம் தெரிந்தாலும் திரும்பப் பரப்பிவிடுவேன், வியர்க்கவில்லை என்றால் காகிதப் பைக்கு மாற்றி இருட்டான அலமாரியில் வைத்துவிடுவேன். அந்தப் பை சலசலத்தால் போதும், கூண்டிலிருந்து 'வீக் வீக்' என்று ஆரம்பித்துவிடுவார்கள்!

கொடுக்கும்போது ஒரு சிட்டிகையை உலர்புல்மேல் தூவுங்கள். டேன்டெலியனில் சுண்ணாம்புச் சத்து அதிகம், சிறுநீர்ப்பையில் கல் வந்த கினிப்பன்றி என்றால் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

கேள்வி: புல்வெட்டும் இயந்திரத்தில் விழுந்த புல்லைக் காயவைத்துச் சேமிக்கலாமா?

பதில்: வேண்டாம். அரைபட்ட புல் குவியலாகக் கிடக்கும்போதே சூடாகிப் புளிக்க ஆரம்பித்துவிடும், அதைத் தின்றால் வயிறு உப்பிவிடும். கினிப்பன்றிக்கு வாந்தி எடுக்க வராது என்பதையும் நினைவில் வையுங்கள். கத்தரிக்கோலால் நீளமாக வெட்டிய புல் என்றால் சரி.

கேள்வி: ஃப்ரீசரில் வைக்கலாமா?

பதில்: இலை உறைந்து உருகினால் கொழகொழவென்று ஆகிவிடும். என்னிடம் இருப்பவை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன.