எந்தக் காலில் நிற்கிறீர்கள்?

கேள்வி: எனக்கு வயது 54. கல்லூரி நாட்களில்கூட மேடை ஏறி ஆடியதில்லை. தோழி ஒருத்தி வற்புறுத்தி லைன் டான்ஸ் (வரிசையாக நின்று எல்லாரும் ஒரே அடிகளை ஆடுவது) வகுப்புக்கு இழுத்துப் போனாள். பத்து நிமிஷம் எப்படியோ சமாளித்தேன். எல்லாரும் பக்கத்துச் சுவரைப் பார்த்துத் திரும்பினார்களே, அதோடு சரி. வரிசை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கூச்சம் பிடுங்கித் தின்றது. மறுபடி போகலாமா, இல்லை இதெல்லாம் எனக்கு வராதா?
- பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: தாராளமாகப் போங்கள். முதல் நாளில் பத்து நிமிஷம் தாக்குப்பிடித்தீர்களே, எனக்கு அதுகூட வாய்க்கவில்லை.

ஞாபகசக்தி போதவில்லை என்று நினைத்திருப்பீர்கள். எனக்கென்னவோ பாரம் தப்பான காலில் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. ‘கிரேப்வைன்’ சொல்லித் தந்திருப்பார்கள். வலது கால் வலப்பக்கம், இடது கால் அதற்குப் பின்னால், மறுபடி வலது கால் வலப்பக்கம். நான்கு என்னும்போது இடது கால் பக்கத்தில் வந்து தரையைத் தொட வேண்டும். ‘டச்’ என்று குரல் கொடுப்பார்களே, அது. நாமோ அங்கே காலை ஊன்றிவிடுகிறோம். அடுத்து இடப்பக்கம் கிளம்ப வேண்டியதும் அதே இடது கால்தான். ஊன்றிய காலை எப்படித் தூக்குவது? பாரத்தை மாற்றிவிட்டுத் தூக்குவதற்குள் பாட்டு போயே போய்விடும்.

வீட்டில் பாட்டுப் போடாமல், வாய்விட்டு எண்ணிச் செய்து பாருங்கள். நான்கில் சட்டென்று நின்று இடது காலைத் தூக்குங்கள். தள்ளாடாமல் வந்தால் சரி. உடம்பை வலப்பக்கம் சாய்த்த பிறகுதான் கால் கிளம்புகிறது என்றால் ஊன்றியிருக்கிறீர்கள். ஒரு வாரம் இதை மட்டும் செய்யுங்கள், போதும்.

இப்போது அந்தத் திருப்பம். வகுப்பில் ‘வால்’ என்பார்கள் (குரங்கு வால் இல்லை, சுவர்). ரிக் சில்வர் 1976-ல் அமைத்த ‘எலெக்ட்ரிக் ஸ்லைடு’ என்ற லைன் டான்ஸ் இன்று பரவலாக ஆடப்படும் வடிவத்தில் 18 எண்ணிக்கைதான்: வலது பக்கம் நான்கு, இடது பக்கம் நான்கு, பின்னால் நான்கு, முன்னும் பின்னும் அசைய நான்கு, கால்வாசி வட்டம் திரும்ப இரண்டு. நான்கு தடவை ஆடினால் நான்கு சுவரையும் பார்த்துவிட்டு, தொடங்கிய திசைக்கே வந்துவிடுவீர்கள். அடிகள் மாறுவதே இல்லை. மாறுவது உங்களுக்கு முன்னால் நிற்கும் ஆள்தான். நீங்கள் கடைசி வரிசையில்தானே நின்றீர்கள்? புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் பதுங்குவார்கள். இரண்டு திருப்பத்தில் கடைசி வரிசை முதல் வரிசை ஆகிவிடும். பார்த்துச் செய்ய முன்னால் ஒருவரும் இருக்கமாட்டார்கள். கூட்டத்தின் நட்டநடுவில் நில்லுங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் முன்னால் ஒரு முதுகு இருக்கும்.

தவறவிட்டால் துரத்திப் பிடிக்கப் பார்க்காதீர்கள். நின்ற இடத்திலேயே தாளத்துக்குக் காலை மாற்றிக்கொண்டு, வரிசை திரும்பும்போது கூடவே திரும்பி, ஒன்றிலிருந்து சேர்ந்துகொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு 32 எண்ணிக்கை உள்ள ஆட்டமானாலும், நிமிஷத்துக்கு 120 தட்டு ஓடும் பாட்டில் அது 16 விநாடிதான். அதற்குள் யாரும் உங்களைக் கவனிக்கப் போவதில்லை, அவரவர் எண்ணிக்கை அவரவருக்கு.

அடியைச் சின்னதாக வையுங்கள். தரையைக் கவ்விப் பிடிக்கும் ரப்பர் அடி ஷூ வேண்டாம்: உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது, நடுவில் முறுக்கிக்கொள்வது முழங்கால். வழுவழுப்பான அடியும் கழன்று போகாத பிடிப்பும் உள்ளதாகப் பாருங்கள்.

இன்னொன்று: அந்த வகுப்பு எந்த நிலைக்கானது என்று கேட்டீர்களா? ‘பிகினர்’ என்பதற்கும் கீழே ‘அப்சொல்யூட் பிகினர்’ என்று ஒரு படி உண்டு. முதல் நாளே ‘டேக்’, ‘ரீஸ்டார்ட்’ என்று ஆட்டத்தை நடுவில் நீட்டியும் வெட்டியும் ஆடினார்கள் என்றால், உங்களை இரண்டாம் படியில் ஏற்றிவிட்டார்கள் என்று அர்த்தம். கூசாமல் கீழ்ப்படி வகுப்பைக் கேளுங்கள்.

தோழியிடமும் சொல்லிவையுங்கள். நீங்கள் தடுமாறும்போது கையைப் பிடித்து இழுக்க வேண்டாம், சத்தமாக எண்ணினால் போதும். இழுத்தால் பாரம் மறுபடி வேறு காலுக்குப் போய்விடும்.