கேளுங்க, சொல்றேன்: லினக்ஸ்ல கேம் விளையாடலாமா?

இந்த மாசம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், விண்டோஸுக்கு பதிலா பிசில போடுற லினக்ஸ்ல கேம் விளையாட முடியுமா, முடியும்னா எதெல்லாம் ஓடும்னு. நான் கம்ப்யூட்டர் கம்பெனி ஆளு இல்ல, வேலை முடிஞ்சு வந்து வீட்டுல லினக்ஸ்லயே கேம் விளையாடுற ஆளு, அவ்ளோதான். எனக்குத் தெரிஞ்சதையும் நான் நெனைக்கறதையும் அப்படியே சொல்றேன்.

அண்ணா, விண்டோஸ் 10-க்கு அப்டேட் நின்னுபோச்சு, என் பழைய பிசில 11 ஏறமாட்டேங்குது. லினக்ஸ் போட்டா ஸ்டீம்ல காசு குடுத்து வாங்குன கேம் எல்லாம் வீணாப் போயிடுமா?
– வாசகர், ஈரோடு

போகாது தம்பி. 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10 சப்போர்ட்ட மைக்ரோசாஃப்ட் நிறுத்துனதுலேருந்து நெறைய பேரு இதையேதான் கேக்குறாங்க. நீங்க வாங்குன கேம் எல்லாம் உங்க ஸ்டீம் அக்கவுண்ட்ல இருக்கு, லினக்ஸ்ல ஸ்டீம போட்டு அதே அக்கவுண்ட்ல உள்ள போனா லைப்ரரி அப்படியே வந்துடும். 2018 ஆகஸ்ட்ல ஸ்டீம் கேம் கடைய நடத்துற வால்வ் கம்பெனி அதுக்குள்ளயே விண்டோஸ் கேம லினக்ஸ்ல ஓட வைக்கற புரோட்டான்னு ஒண்ண குடுத்தாங்க பாருங்க, அதுக்கு முன்னாடி ஒவ்வொரு விண்டோஸ் கேமுக்கும் தனித்தனியா ஏதேதோ செட் பண்ணி, ஒண்ணு ஓடுனா இன்னொண்ணு படுத்துக்கும், இப்ப பெரும்பாலான கேமுக்கு இன்ஸ்டால் அமுக்கி பிளே அமுக்குனா போதும். செட்டிங்ஸ்ல கம்பாட்டிபிலிட்டி பக்கத்துல எல்லா கேமுக்கும் புரோட்டான் ஆன் ஆயிருக்கான்னு மட்டும் ஒருதடவ பாத்துக்கோங்க.

ஆனா லினக்ஸ் போடுறதுக்கு முன்னாடியே ஒரு வேலை இருக்கு. நீங்க நெஜமா விளையாடுற கேம் பேர மட்டும் ஒரு பேப்பர்ல எழுதுங்க, ஆஃபர்ல வாங்கி சும்மா கெடக்கறது வேணாம். ஒவ்வொண்ணா புரோட்டான்டிபி சைட்ல தேடுங்க. விளையாடிப் பாத்தவங்களே அங்க எழுதியிருப்பாங்க, பிளாட்டினம்னா எதையும் தொடாம அப்படியே ஓடுது, போர்க்டுன்னா ஓடவே இல்லன்னு அர்த்தம். ரேட்டிங்க மட்டும் பாத்துட்டு வந்துடாதீங்க, கீழ எறங்கி உங்க கிராபிக்ஸ் கார்டு வெச்சிருக்கறவங்க சமீபத்துல என்ன எழுதியிருக்காங்கன்னு படிங்க. பழைய ரிப்போர்ட்ல ஓடலன்னு இருக்கற எத்தனையோ கேம் இப்ப ஜோரா ஓடுது.

விண்டோஸ் கேம் லினக்ஸ்ல ஓடுதுன்னா நடுவுல எமுலேட்டர் இருக்குன்னுதானே அர்த்தம்? அப்ப ஸ்லோ ஆகாதா?
– கல்லூரி மாணவி, காரைக்குடி

நல்ல கேள்வி, இத நெறைய பேரு தப்பாத்தான் புரிஞ்சு வெச்சிருக்காங்க. எமுலேட்டர்னா ஒரு மெஷினோட ப்ராசசரையே இன்னொரு மெஷின்ல நடிச்சுக் காட்டணும், பிளேஸ்டேஷன் 2 கேம பிசில ஓட்டுற மாதிரி, அதுக்குத்தான் பவர் நெறைய தின்னும். இங்க அப்படி இல்ல, விண்டோஸ் கேமும் உங்க லினக்ஸும் ஒரே இன்டெல் இல்ல ஏஎம்டி ப்ராசசர்லதான் ஓடுது, கேமோட கோடு நேரா ப்ராசசருக்கே போயிடுது. மாறுறது என்னன்னா, கேம் விண்டோஸ பாத்து "இந்த ஃபைல தொற, இந்த சவுண்ட ப்ளே பண்ணு"ன்னு கேக்குது இல்லயா, அந்த எடத்துல விண்டோஸுக்கு பதிலா வைன் உக்காந்து பதில் சொல்லுது. வைன் 1993-லேருந்து நடக்கற ப்ராஜெக்ட், புரோட்டானுக்கு அடித்தளமே அதுதான்.

ரொம்ப நாளா இடிச்சது கிராபிக்ஸ்தான். விண்டோஸ் கேம் கிராபிக்ஸ் கார்டோட பேசற மொழி டைரக்ட்எக்ஸ், லினக்ஸ்ல அது கெடையாது. பழைய வைன் அத ஓபன்ஜிஎல்ங்கற இன்னொரு கிராபிக்ஸ் மொழியா மாத்தும், புதுக் கேம்ல ஃப்ரேம் ரேட், அதாவது செகண்டுக்கு வர்ற படம், பாதாளத்துக்குப் போயிடும். அப்பறம் பிலிப் ரீபோலேன்னு ஒரு டெவலப்பர், நியர் ஆட்டோமேட்டா கேம லினக்ஸ்ல விளையாடணும்னு ஆசைப்பட்டு, டைரக்ட்எக்ஸ் 11-அ லினக்ஸ்ல ஓடுற புது கிராபிக்ஸ் மொழியான வல்கனா மாத்துற டிஎக்ஸ்விகேவ எழுத ஆரம்பிச்சாரு. ஒரு கேம் மேல இருந்த ஆசைலேருந்து வந்தது இவ்ளோ பேருக்கு கதவ தொறந்துவிட்டுச்சு, அத நெனைச்சா எனக்கு இப்பவும் புல்லரிக்குது. டைரக்ட்எக்ஸ் 12-க்கு விகேடி3டி புரோட்டான்னு தனியா ஒண்ணு இருக்கு.

ஸ்லோ ஆகுமான்னா, சில கேம்ல கொஞ்சம் கொறையும், நெறைய கேம்ல வித்தியாசமே தெரியாது, சிலதுல லினக்ஸ்லதான் நல்லா ஓடும். 2022-ல எல்டன் ரிங் வந்தப்ப விண்டோஸ்ல திக்கித் திக்கி ஓடுதுன்னு எல்லாரும் பொலம்பிட்டு இருந்தாங்க, வால்வ் ஆளுங்க புரோட்டான்லயே அதுக்கு ஒரு ஃபிக்ஸ் போட்டு, தங்களோட கையடக்க கேம் மெஷின் ஸ்டீம் டெக்ல திக்கல கொறச்சுட்டாங்க. ஸ்டீம் டெக்ல ஓடுறதும் லினக்ஸ்தான்.

வேலோரண்ட் ஓடுமா?
– வாசகர், மதுரை

ஓடாது.

அண்ணா, எல்லா கேமும் ஓடுதுன்னு சொல்றாங்க, ஆனா என் ஃப்ரெண்ட்ஸ் விளையாடுற எதுவும் ஓடல. லினக்ஸ் இன்னும் ரெடி ஆகலதானே?
– வாசகர், கோயம்புத்தூர்

உங்க ஃப்ரெண்ட்ஸ் விளையாடுறது வேலோரண்ட், ஃபோர்ட்நைட், கால் ஆஃப் டூட்டி இந்த மாதிரியா இருக்கும். ஓடலங்கறது உண்மை, ஆனா லினக்ஸ் ரெடி ஆகலங்கறத நான் ஒத்துக்க மாட்டேன். இதுல எதுக்கும் கிராபிக்ஸ் பிரச்சன கெடையாது, ஆன்டிசீட்தான், அதாவது விளையாட்டுல ஏமாத்துறவங்கள புடிக்கற புரோகிராம்தான் பிரச்சன. வேலோரண்ட்டோட வேன்கார்ட்ங்கற ஆன்டிசீட் விண்டோஸோட அடிமட்டமான கெர்னலுக்குள்ளயே போய், பிசி பூட் ஆகும்போதே உக்காந்துக்குது, அந்த மாதிரி ஆழத்துல இருக்கறத வைன் வழியா ஓட்ட முடியாது.

ஆனா மத்த ஆன்டிசீட் அப்படி இல்ல. ஈஸி ஆன்டிசீட், பேட்டில்ஐ ரெண்டு பேருமே 2021 செப்டம்பர்லயே புரோட்டானுக்கு சப்போர்ட் குடுக்கறோம்னு சொல்லிட்டாங்க, கேம் கம்பெனி சரின்னு சொன்னா போதும். எல்டன் ரிங்ல இருக்கறதும் ஈஸி ஆன்டிசீட்தான், லினக்ஸ்ல ஆன்லைன்ல விளையாட முடியுது. அதே ஈஸி ஆன்டிசீட் யாரோடதுன்னு பாத்தா எபிக் கம்பெனியோடது, அவங்களோட ஃபோர்ட்நைட்டயே அவங்க லினக்ஸ்ல விடல! ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் நல்லா ஓடிட்டுதான் இருந்துச்சு, 2024 அக்டோபர் கடைசில லினக்ஸ் வழியா சீட்டிங் பண்றாங்கன்னு சொல்லி மொத்தமா தடுத்துட்டாங்க. ஜிடிஏ 5-ல 2024 செப்டம்பர்ல பேட்டில்ஐ போட்டதும் ஆன்லைன் போச்சு, ஸ்டோரி மோட் மட்டும் ஓடுது.

கம்பெனிங்க சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு, லினக்ஸ் கெர்னல யாரு வேணா மாத்தி கம்பைல் பண்ணலாம், அதனால அத நம்ப முடியலன்னு சொல்றாங்க. ஆனா என்னோட அபிப்ராயம், ஒரு கேம் விளையாடுறதுக்காக என் பிசியோட அடிவயித்துல எவனோ எழுதுன புரோகிராம் உக்காரணும்னா அந்த கேம் எனக்கு வேணாம். சீட்டிங்க சர்வர் பக்கம் புடிக்கறதுக்கு அவங்க இன்னும் செலவு பண்ணணும். கவுண்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 ரெண்டும் லினக்ஸ்லயே நேரடியா ஓடுது, போட்டி கேம் இல்லவே இல்லன்னு சொல்ல முடியாது. உங்க கூட்டாளிங்க எல்லாரும் வேலோரண்ட்லதான் இருக்காங்க, ராத்திரி அவங்களோட விளையாடுறதுதான் சந்தோஷம்னா, விண்டோஸ அழிக்காதீங்க, அதுல ஒண்ணும் தப்பில்ல.

கம்பெனிங்க லினக்ஸுக்குன்னே கேம் எழுதுனாதானே சரி? புரோட்டான வெச்சு ஓட்டுறது விண்டோஸுக்கு அடிமையாவே இருக்கற மாதிரிதானே?
– லினக்ஸ் ஆர்வலர், புதுச்சேரி

உங்க கோவம் எனக்குப் புரியுது, நானும் ஒரு காலத்துல இப்படித்தான் நெனைச்சேன். ஆனா நடந்தத பாருங்க. 1998-ல லோகின்னு ஒரு கம்பெனி அமெரிக்கால ஆரம்பிச்சு, பெரிய கேம் எல்லாம் லினக்ஸுக்கு மாத்தி பெட்டில போட்டு வித்தாங்க, 2002 ஜனவரில மூடிட்டாங்க, வாங்க ஆள் இல்ல. அங்க வேலை பாத்த சாம் லான்டிங்கா எழுதுன எஸ்டிஎல் லைப்ரரி, அதாவது கேம் எழுத உதவுற ரெடிமேட் கோடு, இன்னிக்கும் எத்தனையோ கேம்ல இருக்குங்கறது வேற விஷயம். 2013 பிப்ரவரில ஸ்டீம் லினக்ஸுக்கு வந்துச்சு, 2015-ல ஸ்டீம் மெஷின்னு லினக்ஸ் போட்ட கேம் பெட்டி வந்துச்சு, அதுல லினக்ஸுக்குன்னு மாத்துன கேம்தான் ஓடும், பெரிய கேம் பாதிக்கு மேல இல்லாததால யாரும் வாங்கல. கேம் இல்லாததால ஆள் வரல, ஆள் இல்லாததால கேம் வரல, இந்த முடிச்ச அவுத்தது புரோட்டான்தான்.

இன்னொண்ணும் இருக்கு. லினக்ஸுக்குன்னு எழுதுன கேம அப்பறம் யாரும் கவனிக்கறது இல்ல. விண்டோஸ் வெர்ஷனுக்கு பேட்ச் வரும், லினக்ஸுக்கு வராது, நாலு வருஷம் கழிச்சு லைப்ரரி மாறி கேம் தொறக்கவே தொறக்காது. ராக்கெட் லீக் 2020 மார்ச்ல லினக்ஸ் சப்போர்ட்டயே நிறுத்திட்டாங்க, விண்டோஸ் வெர்ஷன் இன்னிக்கும் புரோட்டான்ல ஓடுது. நானே சில கேம்ல லினக்ஸ் வெர்ஷன் இருந்தும் புரோட்டான்ல போட்டுத்தான் விளையாடுறேன், அதுதான் நல்லா இருக்கு. புரோட்டானும் வைனும் டிஎக்ஸ்விகேவும் ஓபன் சோர்ஸ், நாளைக்கு வால்வ் கைவிட்டாலும் அந்த கோடு நம்ம கைல இருக்கும். இதுல அடிமைத்தனம் எங்க சார் இருக்கு?

எந்த டிஸ்ட்ரோ போடலாம்?
– நாலஞ்சு பேரு கேட்டிருக்கீங்க

டிஸ்ட்ரோன்னா லினக்ஸோட ஒவ்வொரு வகை. புதுசா வர்றவங்க லினக்ஸ் மின்ட் போடுங்க. கேமுக்காகவே ஒரு பிசின்னா பஸைட் பாருங்க, ஸ்டீம் டெக் மாதிரியே நேரா கேம் ஸ்க்ரீன்ல தொறக்கும். புது கிராபிக்ஸ் கார்டு வாங்கியிருந்தா ஃபெடோரா மாதிரி கெர்னல சீக்கிரம் அப்டேட் பண்றதா எடுங்க. டிஸ்ட்ரோ சண்டைல நேரத்த விடாதீங்க, ஃப்ரேம் ரேட்ல பெருசா ஒண்ணும் மாறாது.

என்கிட்ட ஜிடிஎக்ஸ் 1050 டிஐ இருக்கு. என்விடியா லினக்ஸ்ல மோசம்னு சொல்றாங்களே? கார்ட மாத்தணுமா?
– வாசகர், சேலம்

மாத்தாதீங்க, இருக்கறத வெச்சு ஆரம்பிங்க. என்விடியாவுக்கு கம்பெனி டிரைவர நீங்க தனியா போடணும், மின்ட்ல டிரைவர் மேனேஜர்ல ரெண்டு க்ளிக். உங்க கார்டு பாஸ்கல் தலைமுறை, அதுக்கு 580 சீரிஸ் டிரைவர்தான் கடைசி, அதுக்கு மேல உள்ளத போட்டா கார்ட கண்டுக்காது, இத மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. என்விடியால டைரக்ட்எக்ஸ் 12 கேம் விண்டோஸ விட கொஞ்சம் கம்மியாத்தான் ஓடும், 11 பரவால்ல. ஜிடி 710 மாதிரி ரொம்பப் பழைய கார்டுன்னா கஷ்டம், 2022 நவம்பர்ல வந்த டிஎக்ஸ்விகே 2.0-லேருந்து வல்கன் 1.3 இருந்தே ஆகணும், அந்த கார்டுல அது கெடையாது.

புதுசா வாங்கறவங்க ஏஎம்டி வாங்குங்க. டிரைவர் லினக்ஸ் கெர்னல்லயும், லினக்ஸோட வர்ற மெசாங்கற கிராபிக்ஸ் சாஃப்ட்வேர்லயும் ஏற்கனவே இருக்கு, கார்ட சொருகுனா ஓடும்.

விண்டோஸ், லினக்ஸ் ரெண்டும் வெச்சிருக்கேன். டி டிரைவ்ல இருக்கற கேமையே ரெண்டுலயும் ஓட்டலாமா? மறுபடி 90 ஜிபி எறக்க எங்க வீட்டு நெட் தாங்காது.
– வாசகர், தூத்துக்குடி

என்டிஎஃப்எஸ், அதாவது விண்டோஸ் ஃபார்மட் டிரைவ்ல நேரா ஓட்டாதீங்க. புரோட்டான் ஒவ்வொரு கேமுக்கும் ஒரு குட்டி விண்டோஸ் ஃபோல்டர் உருவாக்கும், அதுல சி, இசட்டுன்னு கோலன் போட்ட பேர்ல லிங்க் வரும், என்டிஎஃப்எஸ்ல அது ஒத்துவராது, விண்டோஸ் அப்பறம் டிஸ்க் செக் பண்றேன்னு குழப்பிவிடும். கேம் தொறக்கலன்னு எழுதுறவங்கள்ல நெறைய பேருக்கு இதுதான் காரணமா இருக்கு. மறுபடி டவுன்லோட் பண்ணவும் வேணாம், லினக்ஸ் ஃபார்மட்டான இஎக்ஸ்டி4-ல ஒரு பார்ட்டிஷன் போட்டு கேம் ஃபோல்டர அங்க காப்பி பண்ணிட்டு, ஸ்டீம்ல அதே எடத்துல இன்ஸ்டால் குடுங்க, இருக்கறத செக் பண்ணிட்டு கொறையறத மட்டும் எறக்கும். விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்ப ஆஃப் பண்ணிடுங்க, இல்லன்னா டிரைவ பூட்டி வெச்சுக்கும்.

கிராக் பண்ண கேம லினக்ஸ்ல போட்டா வைரஸ் வராதுதானே?
– பேர் வேணாம்னு எழுதியிருக்காரு

வரும். வைனுக்குள்ள ஓடுறது தனி ரூம்ல பூட்டி வெச்ச மாதிரின்னு நெனைக்காதீங்க, உங்க லினக்ஸ் ஃபைல் மொத்தமும் அதுக்கு இசட் டிரைவா தெரியும், உங்க ஃபோட்டோ, பாஸ்வேர்டு ஃபைல் எல்லாம் படிக்க முடியும். சேல்ல வாங்குங்க, எத்தனையோ நல்ல பழைய கேம் ஒரு சினிமா டிக்கெட் வெலைக்கு வருது.

என் பையன் அஞ்சாவது படிக்கிறான். வீட்டுல பழைய லேப்டாப்தான், ஸ்டீம் எல்லாம் வேணாம், காசு குடுத்தும் வாங்க மாட்டேன். லினக்ஸ்ல சும்மாவே விளையாட என்ன இருக்கு சார்?
– ஒரு அப்பா, திருவாரூர்

நெறைய இருக்கு சார். சூப்பர்டக்ஸ்கார்ட் போட்டுக் குடுங்க, கார் ரேஸ், ஒரே லேப்டாப்ல நீங்களும் பையனும் சேந்து விளையாடலாம். லுவான்டின்னு ஒண்ணு, மைன்கிராஃப்ட் மாதிரி கட்டடம் கட்டுறது, மைன்டெஸ்ட்ங்கற பேர்ல முன்னாடி இருந்தது. கொஞ்சம் பெருசானதும் பேட்டில் ஃபார் வெஸ்னாத், அது யோசிச்சு ஆடுற கேம். எல்லாம் மின்டோட சாஃப்ட்வேர் மேனேஜர்லயே கெடைக்கும், விளம்பரம் கெடையாது, உள்ள போனதும் காசு கேக்கற பெட்டியும் வராது. குழந்தைங்களுக்கு ஃபோன்ல குடுக்கற கேம விட இது ஆயிரம் மடங்கு நல்லதுன்னு நான் அடிச்சுச் சொல்வேன்.

கேம் ஓடுது, ஆனா மொதல் கால் மணி நேரம் விட்டு விட்டு ஓடுது, அப்பறம் சரியாயிடுது. ராம் பத்தலயா?
– வாசகர், நாகர்கோவில்

ராம் இல்ல, ஷேடர், கேமோட எஃபெக்ட வரையற குட்டி புரோகிராம். கேம்ல புதுசா ஒரு எஃபெக்ட் வர்றப்பல்லாம் உங்க கார்டுக்கு ஏத்த மாதிரி அத கம்பைல் பண்ணணும், மொத தடவ அந்த எடத்துல நின்னு போகும், அடுத்த தடவ சேவ் பண்ணி வெச்சதுலேருந்து எடுத்துக்கும். ஸ்டீம்ல கேம் தொறக்கறப்ப வல்கன் ஷேடர் ப்ராசஸ் ஆகுதுன்னு ஒரு பார் வரும் பாருங்க, அவசரப்பட்டு ஸ்கிப் அமுக்காதீங்க, டீ போட்டு எடுத்துட்டு வாங்க அதுக்குள்ள முடிஞ்சிடும். அப்படியும் சரியாகலன்னா, ஃப்ரேம் ரேட்ட ஸ்க்ரீன்லயே காட்டுற மேங்கோஹட் போட்டு ஃப்ரேம் டைம் கோட்ட பாருங்க, எப்ப குத்துது, அப்ப ப்ராசசர் முட்டுதா கார்டு முட்டுதான்னு அதுலயே தெரிஞ்சிடும், அந்த ஸ்க்ரீன்ஷாட்டோட உங்க கார்டு பேர், டிரைவர் வெர்ஷன் எழுதி அனுப்புங்க, அடுத்த மாசம் பாப்போம்.