உறவினருக்கு அவசர விசா: கேள்வி பதில்

அமெரிக்காவிலோ கனடாவிலோ குடியுரிமை பெற்ற பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் திடீரென ஓர் இடர் நேரும்போது, சென்னையில் இருக்கும் குடும்பத்தார் எந்த வழியில் விரைந்து செல்ல முடியும் என்பது பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். அடிப்படையான ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். குடியுரிமை பெற்றவரின் உறவினர் என்பதற்காகவே தரப்படும் அவசர விசா என்று அமெரிக்காவில் எதுவும் கிடையாது. வழக்கமான பி-2 வருகையாளர் விசாவுக்கான நேர்காணல் தேதியை முன்னதாகத் தருவார்கள், அவ்வளவுதான். தேதி முன்னால் வந்துவிட்டாலும், திரும்பி வருவோம் என்பதை அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 214பி பிரிவின்படி விண்ணப்பிப்பவரே அதிகாரியிடம் நிறுவ வேண்டும்.

அம்பத்தூர் வாசகி: அம்மா, ஹூஸ்டனில் குடியுரிமை பெற்றிருக்கும் என் அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. நான் ஒரு சிறுநீரகம் தரத் தயாராக இருக்கிறேன். சாதாரண நேர்காணல் தேதிக்குப் பல மாதம் காத்திருக்க வேண்டும் என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: முதலில் டிஎஸ்-160 என்ற இணைய விசா விண்ணப்பப் படிவத்தை நிரப்பி, 185 டாலர் கட்டணத்தைச் செலுத்தி, கிடைக்கிற ஏதாவது ஒரு தேதியைப் பதிவு செய்துவிடுங்கள். அதன் பிறகுதான் அதே கணக்கிலிருந்து தேதியை முன்னால் கேட்டு விண்ணப்பிக்க முடியும். பலர் தேதியே எடுக்காமல் தூதரகத்துக்கு மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் அனுப்பி நாள்களை இழக்கிறார்கள்.

உங்கள் விண்ணப்பத்தின் பலம் முழுவதும் மருத்துவமனைக் கடிதத்தில்தான் இருக்கிறது. அண்ணனின் நோய், இப்போதைய நிலை, கொடையாளராக உங்கள் பெயர், உறவு, சென்னையில் செய்த பொருத்தப் பரிசோதனைகளின் முடிவு, அறுவை சிகிச்சைக்கு உத்தேசித்திருக்கும் நாள், அதன் பிறகு நீங்கள் எத்தனை வாரம் அங்கே தங்க வேண்டும், உங்கள் மருத்துவச் செலவை யார் ஏற்கிறார்கள், மருத்துவரின் தொலைபேசி எண், இவை அனைத்தும் மருத்துவமனையின் முகப்புத் தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். "நோயாளிக்கு உறவினர் துணை தேவை" என்ற ஒற்றை வரிக் கடிதத்தால் பயன் இல்லை.

நம் ஊர்ப் பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், டிஎஸ்-160-இல் உங்கள் பெயர் முழுவதையும் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதி, மற்றக் கட்டத்தில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போட வேண்டும். ஆனால் அண்ணன் சொன்னபடி மருத்துவமனையில் உங்கள் பெயரை இனிஷியலோடு எழுதியிருப்பார்கள், பரிசோதனைக் கூடத்தின் அறிக்கையிலோ திருமணத்துக்குப் பின் வந்த பெயர் இருக்கும். மூன்று தாளிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பார்த்து, இல்லையென்றால் இன்றைக்கே திருத்தி வாங்குங்கள்.

விசா மறுக்கப்பட்டால், மனிதாபிமான பரோல் என்ற வழி மீதம் இருக்கிறது. அதைத் தூதரகம் தீர்மானிப்பதில்லை. அண்ணனே அமெரிக்கக் குடியேற்றத் துறையிடம் ஐ-131 படிவத்தையும், உங்கள் செலவுக்குப் பொறுப்பேற்கும் ஐ-134 படிவத்தையும் தாக்கல் செய்யலாம். உறுப்புக் கொடையும் அத்துறை கருத்தில் கொள்ளும் காரணங்களில் ஒன்றுதான். இருந்தாலும், விசா வழியாக ஏன் வர முடியவில்லை என்று கேட்பார்கள் என்பதால், மறுப்புத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். பரோல் என்பது சிறிது காலத்துக்கு உள்ளே வர அனுமதிப்பது மட்டுமே. அதுவே கிரீன் கார்டுக்கு வழி செய்யாது.

படிவத்தை யார் நிரப்பிக் கொடுத்தாலும், நீங்களே முழுவதும் படித்துவிட்டுக் கையொப்பமிடுங்கள்.

வேளச்சேரி வாசகர்: மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். அவசரத் தேதி கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. பிரசவத்துக்குத் துணையாகச் செல்வது, திருமணம், பட்டமளிப்பு விழா ஆகியவை அவசரக் காரணங்கள் அல்ல என்று வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறார்கள்.

மயிலாப்பூர் வாசகர்: அமெரிக்கக் குடிமகனான எங்கள் மகனுக்குச் சாலை விபத்தில் முதுகெலும்பு உடைந்திருக்கிறது. சென்ற ஆண்டு அவன் எங்களை அங்கே குடியேற அழைக்கும் ஐ-130 மனு போட்டிருக்கிறான். டிஎஸ்-160-இல் அதைப் பற்றிய கேள்விக்கு "இல்லை" என்று போடச் சொல்கிறார் ஏஜென்ட்.

பதில்: "ஆம்" என்றே போடுங்கள். அந்த மனு அமெரிக்க அரசின் கையிலேயே இருக்கிறது.

போரூரில் பயண அலுவலகம் நடத்தும் வாசகர்: மேடம், நடைமுறை தெரியாமல் சொல்லாதீர்கள். மனு நிலுவையில் இருக்கிறது என்று சொன்னால், அங்கேயே தங்கிவிடுவார்கள் என்று மறுத்துவிடுகிறார்கள். மகன் படுத்த படுக்கையாக இருக்கும்போது நேர்மை பேசினால் பெற்றோர் இங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

பதில்: மனு இருந்தால் நேர்காணல் கடினமாகும் என்பது உண்மைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் 214பி மறுப்பு வந்தால் மறுபடியும் விண்ணப்பிக்கலாம். தெரிந்தே பொய் சொன்னதாகப் பதிவானால், 212(ஏ)(6)(சி) பிரிவின் கீழ் வாழ்நாள் தடை. குடியேறும் விசாவுக்காக அந்தத் தடைக்கு விலக்குக் கேட்க வேண்டுமானால், குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள கணவன், மனைவி, தாய் அல்லது தந்தை ஒருவருக்கு மிகுந்த இன்னல் நேரும் என்று காட்ட வேண்டும். மகனோ மகளோ படும் இன்னல் அந்தக் கணக்கில் வராது. அமெரிக்காவில் மகன் மட்டுமே இருக்கும் மயிலாப்பூர்ப் பெற்றோருக்கு அந்த விலக்கைக் கேட்கவே வழி இருக்காது. இந்தப் பயணம் மட்டுமல்லாமல், மகன் போட்ட ஐ-130 மனுவும் சேர்ந்து வீணாகிவிடும். இவ்வளவு பெரிய இழப்பை நீங்கள் அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும், ஐயா.

அண்ணா நகர் வாசகி: எனக்காக அக்கா எப்போதோ உடன்பிறந்தோர் பிரிவில் மனு போட்டதாக நினைவு. உறுதியாகத் தெரியவில்லை.

பதில்: படிவத்தைத் தொடும் முன் அக்காவிடம் கேட்டு, மனுவின் ரசீதுத் தாளை வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பிரிவில் பல்லாண்டுக் காத்திருப்பு என்பதால், மனு போட்டதையே மறந்துவிடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

போரூர் வாசகர்: அப்படியானால் நேர்காணலில் அவர்கள் என்னதான் சொல்வது?

பதில்: உள்ளதை உள்ளபடியே சொல்ல வேண்டும். மகனுக்கு விபத்து, அறுவை சிகிச்சைக்குப் பின் இத்தனை வாரம் துணை தேவை என்று மருத்துவர் எழுதியிருக்கிறார், குடியேறுவதற்கான மனு அதன் வரிசையில் தனியாக நடக்கட்டும், இப்போது பார்த்துவிட்டுத் திரும்புகிறோம். இங்கே இருக்கும் ஓய்வூதியம், வீடு, உடன் வசிக்கும் மற்றப் பிள்ளைகள் ஆகியவற்றுக்கான தாள்களைக் கையில் வைத்திருக்கட்டும். ஐ-130 வைத்திருப்பவர்களுக்கும் பி-2 விசா கொடுக்கப்பட்டிருக்கிறது. கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, அதையும் அவர்களிடம் மறைக்காதீர்கள்.

தாம்பரம் வாசகி: மருமகளுக்கு இரட்டைக் குழந்தைகள், பிரசவ நாள் நெருங்கிவிட்டது. அவசரத் தேதி கிடைக்குமா?

பதில்: வேளச்சேரி வாசகருக்குச் சொன்னதைப் படியுங்கள். தாயின் உயிருக்கோ குழந்தைகளின் உயிருக்கோ ஆபத்து என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே மருத்துவக் காரணமாகக் கேட்டுப் பார்க்கலாம். இல்லாத ஆபத்தை எழுதி வாங்காதீர்கள். நேர்காணலில் அது தெரியவந்தால் உங்கள் கோப்பில் குறிக்கப்படும், அதற்குப் பிறகு எந்த விண்ணப்பத்திலும் அது உங்களைத் தொடரும்.

குரோம்பேட்டை வாசகர்: மகள் ஸ்கார்பரோவில் கனடா குடிமகள். அவளுக்குப் புற்றுநோய். அங்கே மனிதாபிமான அடிப்படையில் தனி விண்ணப்பம் உண்டு என்கிறார்களே?

பதில்: அது கனடா குடியேற்றச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின் கீழ் நிரந்தரமாகத் தங்குவதற்குக் கேட்பது. விரைவில் முடியாது, உங்களுக்குத் தேவையும் இல்லை. வருகையாளர் விசாவுக்கு இணையம் வழியாக விண்ணப்பித்து, மருத்துவர் கடிதத்தோடு அவசரத்தை விளக்குங்கள். முன்பே பயோமெட்ரிக் (கைரேகையும் புகைப்படமும்) கொடுத்திருந்தால் அது 10 ஆண்டுகளுக்குச் செல்லும். நீண்ட காலம் உடனிருக்க வேண்டியிருந்தால் பெற்றோருக்கான சூப்பர் விசா பொருந்தும். அதில் ஒரே வருகையில் 5 ஆண்டு வரை தங்கலாம், ஆனால் குறைந்தது ஒரு லட்சம் கனடா டாலருக்கு மருத்துவக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும்.

பெரம்பூர் வாசகர்: அப்பா காலமாகிவிட்டார். ஃப்ரீசர் பாக்ஸில் வைத்திருக்கிறோம். தம்பி அமெரிக்கக் குடிமகன், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இல்லை. எப்படி வரவழைப்பது?

பதில்: என் ஆழ்ந்த இரங்கல். இ-விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். தம்பி அவர் பகுதிக்குரிய இந்தியத் துணைத் தூதரகத்தின் அவசர எண்ணை இப்போதே அழைக்கட்டும், விடுமுறை நாளிலும் மரணம் போன்ற காரணங்களுக்கு உதவுகிறார்கள். மாநகராட்சியின் இறப்புச் சான்றிதழ் வரும் வரை காத்திராமல், மருத்துவமனை கொடுத்த மரண அறிக்கையைப் படமெடுத்து உடனே அனுப்புங்கள். அவருடைய பழைய இந்தியப் பாஸ்போர்ட்டையும் அதை ஒப்படைத்ததற்கான சான்றையும் கேட்பார்கள்.

கொளத்தூர் வாசகி: மகளுக்குப் பிரசவம்…

பதில்: மேலே இரண்டு முறை எழுதிவிட்டேன், சகோதரி. இன்றே சாதாரணத் தேதியைப் பதிவு செய்துவிட்டு, யாராவது ரத்து செய்யும் தேதிகள் திறக்கின்றனவா என்று பார்த்து வாருங்கள்.

மயிலாப்பூர் வாசகர்: அவசரத் தேதி கிடைத்துவிட்டது, அம்மா. வரும் வியாழக்கிழமை அண்ணா சாலையில் நேர்காணல். ஆனால் ஏஜென்ட் முன்பே "இல்லை" என்று போட்டுச் சமர்ப்பித்துவிட்டார்.

பதில்: புதிய டிஎஸ்-160 ஒன்றைச் சரியான விடையோடு இன்றே சமர்ப்பித்து, அதன் உறுதிப்படுத்தல் எண்ணை உங்கள் நேர்காணல் பதிவில் மாற்றுங்கள். இம்முறை மகனைத் தொலைபேசியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியையும் நீங்களே படித்துச் சரிபாருங்கள். பழைய தாளையும் புதிய தாளையும் எடுத்துச் சென்று, அதிகாரி கேட்கும் முன்பே திருத்தியதைச் சொல்லிவிடுங்கள். கைபேசியை உள்ளே விடமாட்டார்கள் என்பதால், மருத்துவர் கடிதம் முதல் எல்லாவற்றையும் அச்சிட்டே கொண்டு போங்கள்.