மூன்று மீன் என்றால் யாருக்கு மூன்று?

கேள்வி: ஹூஸ்டனில் வசிக்கிறோம். விடுமுறை நாட்களில் கால்வெஸ்டன் கடற்கரையில் தூண்டில் போடுவேன். காலையில் மூன்று ரெட்ஃபிஷ் பிடித்து வீட்டில் வைத்துவிட்டு மாலையில் மறுபடியும் போய்ப் பிடிக்கலாமா? கூட வரும் மனைவி, 14 வயது மகன், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா ஆகியோர் பங்கையும் நானே பிடிக்கலாமா?

பதில்: இரண்டும் கூடாது. டெக்சஸில் தினசரி வரம்பு என்பது ஓர் ஆள் ஒரு நாளில் பிடித்து வைத்துக்கொள்ளும் மீன்களின் எண்ணிக்கை. ரெட்ஃபிஷுக்கு அது மூன்று. நடுவில் வீட்டுக்குப் போய் வந்தாலும், மதியமே குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டாலும் அந்த மூன்றும் அன்றைய கணக்கில்தான் இருக்கும். மாலையில் தூண்டில் போடுவதைச் சட்டம் தடுக்கவில்லை. சிக்கும் ரெட்ஃபிஷை உடனே கடலில் விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஐஸ் பெட்டிக்குள் போய்விட்ட மீன் உங்கள் கணக்கில் ஏறிவிட்டது. பிறகு பெரிய மீன் கிடைத்ததும் சிறியதைத் தூக்கி எறிவது மீனுக்குச் செய்யும் கொடுமை.

எண்ணிக்கையோடு அளவையும் பாருங்கள். ரெட்ஃபிஷ் 20 முதல் 28 அங்குலம் வரை இருக்க வேண்டும். வாயை மூடி, வாலை ஒன்றுசேர்த்துப் பிடித்து, மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை அளக்க வேண்டும். அதைவிடப் பெரிய மீனை வைத்துக்கொள்ள, உரிமத்துடன் வரும் சீட்டை நிரப்பி மீனில் கட்ட வேண்டும். நடுத்தர அளவை மட்டும் எடுக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: சிறியது இன்னும் முட்டையிடாதது, மிகப் பெரியது ஏராளமாக முட்டையிடுவது.

இந்த எண்கள் கல்வெட்டு அல்ல. 2021 பிப்ரவரியின் கடுங்குளிரில் டெக்சஸ் கடற்கரையில் குறைந்தது 38 லட்சம் மீன்கள் செத்தன. ஸ்பெக்கிள்டு டிரவுட் என்ற மீனுக்குப் பலத்த அடி. அதன் வரம்பு 2024 மார்ச் 26 முதல் ஐந்திலிருந்து மூன்றாகக் குறைந்தது. அளவு 15 முதல் 20 அங்குலம். குறைத்தது சரி என்பதே என் கருத்து. ஃபிளவுண்டர் என்ற தட்டை மீனை நவம்பர் 1 முதல் டிசம்பர் 14 வரை எடுக்கவே கூடாது. அது முட்டையிடக் கடலுக்குப் போகும் காலம். ஆகவே பழைய பட்டியலை நம்பாமல், கிளம்பும் முன் டெக்சஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறையின் நடப்பாண்டு விதிகளைப் பாருங்கள்.

இனி குடும்பம். மகனுக்கு 17 வயது ஆகாததால் உரிமம் தேவையில்லை. அவனுக்கும் முழு வரம்பு உண்டு. ஆனால் மீனை அவனே பிடிக்க வேண்டும். மனைவி உப்புநீரில் பிடிக்கச் செல்லுபடியாகும் உரிமம் எடுத்துத் தூண்டில் போட்டால் அவருக்கும் தனி மூன்று. நிழலில் உட்கார்ந்திருப்பவர் பெயரில் நீங்கள் பிடிக்க முடியாது. வழிகாட்டியை அமர்த்திப் படகில் போனால், அவரையும் அவருடைய உதவியாளரையும் கழித்துவிட்டே படகின் வரம்பைக் கணக்கிடுவார்கள்.

கைவசம் வைத்திருக்கும் வரம்பு வேறு. அது பொதுவாகத் தினசரி வரம்பின் இரு மடங்கு; இரண்டு நாள் தங்கி மீன் பிடிப்பவருக்குத் தேவைப்படுவது. மீன் உங்கள் வீட்டுக்கு வந்து, முழுமையாக வெட்டிச் சுத்தம் செய்யப்பட்டதும் இந்த வரம்பு பொருந்தாது. மீனைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் வரை தலையையும் வாலையும் நீக்காதீர்கள். அவை இல்லாவிட்டால் அதிகாரியால் அளக்க முடியாது. தலைக்குழம்பு விரும்பும் நம் வீடுகளுக்கு இதில் வருத்தம் இருக்காது.

அப்பாவுக்கு வயதைக் காட்டி விலக்குக் கிடைக்காது. வெளியூர்க்காரர் என்பதால் உரிமம் வேண்டும். ஒரு நாள் உரிமம் இருக்கிறது. இல்லாவிட்டால் கால்வெஸ்டன் தீவு மாநிலப் பூங்காவுக்கு அழைத்துப் போங்கள். மாநிலப் பூங்காவுக்குள் கரையிலிருந்து தூண்டில் போட உரிமம் கேட்பதில்லை. எண்ணிக்கையும் அளவும் மட்டும் அங்கேயும் அப்படியே பொருந்தும்.