பணம் போய்விட்டது, பயணச்சீட்டு வரவில்லை: ரயில் முன்பதிவு குறித்த வாசகர் கேள்விகள்

இணையவழி ரயில் முன்பதிவில் நேரும் சிக்கல்களை எழுதியனுப்புமாறு கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பணம் பிடிக்கப்பட்டதைப் பற்றியவையாக இருந்ததால், அந்தக் கேள்வியை முதலில் எடுத்துக்கொண்டு சற்று விரிவாகவே பதில் சொல்கிறோம்.

கேள்வி: பொங்கலுக்கு ஊருக்குப் போவதற்காகச் சென்னையிலிருந்து மதுரைக்கு மூன்று பேருக்கு முன்பதிவு செய்தேன். யூ.பி.ஐ. வழியாகப் பணம் செலுத்திய பிறகு திரை சுற்றிக்கொண்டே இருந்தது. வங்கியிலிருந்து பணம் எடுக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது, ஆனால் டிக்கெட் வரவில்லை. இடம் போய்விடுமே என்ற பதற்றத்தில் மறுபடியும் முயன்றேன். அந்தப் பணமும் போனது. வங்கியில் கேட்டால் ரயில்வேயிடம் கேளுங்கள் என்கிறார்கள். நான் யாரிடம் போவது?
— வாசகி, வேளச்சேரி

பதில்: உங்கள் பதற்றம் புரிகிறது. பண்டிகைக் காலத்தில் இரண்டு முறை பணம் முடங்கினால் ஒரு குடும்பத்தின் மாதச் செலவே தடுமாறிப்போகும். யாரிடம் கேட்பது என்பதைத் தெரிந்துகொள்ள, பணம் எந்த இடத்தில் நின்றது என்பதை முதலில் பார்க்க வேண்டும். உங்கள் வங்கி, நடுவில் பணத்தை வாங்கிச் சேர்க்கும் கட்டண நிறுவனம், ரயில் முன்பதிவுக்கான ஐ.ஆர்.சி.டி.சி. தளம் என்று மூன்று கைகள் மாறித்தான் அந்தத் தொகை பயணச்சீட்டாகிறது. வங்கி பணத்தை எடுத்துவிட்டது என்பதற்கும் தளத்துக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது என்பதற்கும் இடையில் சில நொடிகள் உண்டு. சாதாரண முன்பதிவு திறக்கும் காலை 8 மணிக்கும், தட்கல் என்ற கடைசி நேர முன்பதிவு தொடங்கும் நேரத்திலும் அந்த நொடிகள் நிமிடங்களாக நீள்வதுண்டு. பயணச்சீட்டின் அடையாளமான பத்து இலக்க பி.என்.ஆர். எண் உருவான பிறகுதான் உங்களுக்கு இடம் உண்டு. அதற்கு முன் எவ்வளவு பணம் போயிருந்தாலும் இடம் உறுதியாகவில்லை என்றே பொருள்.

ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் உங்கள் கணக்குக்குள் நுழைந்து, பரிவர்த்தனைகள் என்ற பகுதியைத் திறந்தால், பதிவான பயணச்சீட்டுகளின் பட்டியலும் தோல்வியடைந்த பரிவர்த்தனைகளின் பட்டியலும் தனித்தனியே இருக்கும். முதலில் பதிவான பட்டியலைப் பாருங்கள். திரை நின்றுபோனாலும் டிக்கெட் உள்ளே பதிவாகியிருப்பது அரிதன்று. அதைப் பார்க்காமல் இரண்டாம் முறை முயன்று, ஒரே வண்டியில் இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டு, ஒன்றை ரத்து செய்யக் கட்டணம் கட்டியவர்களின் கடிதங்களும் எங்களிடம் இருக்கின்றன. அங்கே இல்லையென்றால் தோல்விப் பட்டியலைப் பாருங்கள். உங்கள் பரிவர்த்தனை அதில் பணம் பெறப்பட்டதாகக் காட்டப்பட்டிருந்தால் தொகையைத் திருப்பி அனுப்ப வேண்டியது தளத்தின் பொறுப்பு. பணம் கட்டிய அதே கணக்குக்கு அது தானாகவே திரும்பும். சில வேலை நாள்களில் வராவிட்டால், பரிவர்த்தனை எண்ணுடன் 14646 என்ற ஐ.ஆர்.சி.டி.சி. உதவி எண்ணில் கேளுங்கள்.

பணம் தளத்துக்கு வந்ததற்கான தடயமே இல்லையென்றால் பொறுப்பு வங்கியினுடையது. இங்கே உங்களுக்கு உதவுவது 2019 செப்டம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை. கணக்கில் பணம் கழிக்கப்பட்டு, விற்பவருக்கு உறுதிச் செய்தி போகாத நிலையில், யூ.பி.ஐ. ஆனாலும் இணையத்தில் பயன்படுத்திய அட்டை ஆனாலும், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாள்களுக்குள் தொகை தானாகத் திரும்ப வேண்டும் என்றும், அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் வாடிக்கையாளருக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும், அதையும் வாடிக்கையாளர் கேட்காமலே தர வேண்டும் என்றும் அது சொல்கிறது. வங்கிக் கிளையில் வாய்மொழியாகக் கேட்டுவிட்டுத் திரும்பாமல், யூ.பி.ஐ. பரிவர்த்தனை எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் புகார் கொடுத்துப் புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாள்களுக்குள் தீர்வு கிடைக்கவில்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே முறையிடலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.

அடுத்த முறைக்கு ஒன்று சொல்கிறோம். தளத்தில் ஆட்டோபே என்றொரு கட்டண முறை இருக்கிறது. அதில் தொகை உங்கள் கணக்கிலேயே நிறுத்திவைக்கப்பட்டு, டிக்கெட் உருவானால் மட்டும் கழிக்கப்படும். உருவாகாவிட்டால் நிறுத்திவைத்தது விடுவிக்கப்படும். அவசரக் காலத்து முன்பதிவுக்கு இதுவே நல்லது என்பது எங்கள் கருத்து. சேவைக் கட்டணமும் யூ.பி.ஐ.-யில் குறைவு. மற்ற வழிகளில் ஏ.சி. அல்லாத வகுப்புக்கு 15 ரூபாய், ஏ.சி. வகுப்புக்கு 30 ரூபாய் என்றிருப்பது இதில் முறையே 10, 20 ரூபாயாகும், ஜி.எஸ்.டி. தனி. பயணச்சீட்டை ரத்து செய்தால் இந்தச் சேவைக் கட்டணம் திரும்ப வராது.

கேள்வி: வெள்ளிக்கிழமை இரவு நெல்லை விரைவு வண்டியில் திருச்சியில் ஏறுவதற்காக, முந்திய நாளான வியாழக்கிழமை தட்கல் எடுத்தேன். டிக்கெட் உடனே கிடைத்தது. ஆனால் வெள்ளி இரவு நிலையத்துக்குப் போனபோது என் டிக்கெட்டுக்கான வண்டி முந்திய இரவே போய்விட்டது என்றார்கள். என் தவறு என்ன?
— வாசகர், ஸ்ரீரங்கம்

பதில்: நம் பேச்சு வழக்கும் கடிகாரமும் ஒத்துப்போகாததால் நேர்ந்த தவறு இது. நெல்லை விரைவு வண்டி இரவில் எழும்பூரில் புறப்பட்டு நள்ளிரவைக் கடந்துதான் திருச்சிக்கு வருகிறது. அந்த வேளையை நாம் வெள்ளிக்கிழமை ராத்திரி என்றே சொல்லுவோம். ரயில்வேயின் கணக்கில் அது சனிக்கிழமை. நீங்கள் திருச்சியிலிருந்து வெள்ளிக்கிழமை என்று தேடியதால், வியாழன் இரவு சென்னையில் கிளம்பி வெள்ளி அதிகாலை திருச்சிக்கு வரும் வண்டியைத் தளம் காட்டியிருக்கிறது. தேதிக் கட்டத்தில் நீங்கள் ஏறும் நிலையத்துக்கு வண்டி வரும் தேதியைத்தான் இட வேண்டும்.

இதோடு தட்கல் கணக்கையும் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். தட்கல் திறப்பது வண்டி தொடங்கும் நிலையத்திலிருந்து புறப்படும் நாளுக்கு முந்திய நாள்: ஏ.சி. வகுப்புகளுக்குக் காலை 10 மணி, மற்றவற்றுக்கு 11 மணி. ஆகவே வெள்ளி இரவு எழும்பூரில் கிளம்பும் வண்டியைத் திருச்சியில் பிடிக்க விரும்புகிறவர், சனிக்கிழமை என்ற தேதியை இட்டு, வியாழக்கிழமை காலையிலேயே முன்பதிவு செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை காலை வரை காத்திருந்தால் ஒரு நாள் பிந்திவிடுவார். விழுப்புரத்துக்குத் தெற்கே இரவு வண்டி ஏறும் பலருக்கும் இந்தக் குழப்பம் வருகிறது.

உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்புவதில்லை. அதனால் பணம் கட்டும் முன் திரையில் வரும் ஏறும் தேதியையும் கிழமையையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

கேள்வி: என் கணக்கை ஆதாருடன் இணைக்க முயலும்போதெல்லாம் பெயர் பொருந்தவில்லை என்று வருகிறது. ஆதாரில் இருப்பதும் என் பெயர்தான், கணக்கில் இருப்பதும் என் பெயர்தான். இணைக்காமலே விட்டுவிடலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, பாளையங்கோட்டை

பதில்: விட்டுவிடாதீர்கள். 2025 ஜூலை 1 முதல் ஆதார் சரிபார்த்த கணக்கு உள்ளவர்கள் மட்டுமே இணையத்தில் தட்கல் எடுக்க முடியும். அம்மாதம் 15-ஆம் தேதியிலிருந்து ஆதார் வழியிலான ஓ.டி.பி.-யும் தேவைப்படுகிறது. 2025 அக்டோபர் முதல், சாதாரண முன்பதிவு திறக்கும் தொடக்க நிமிடங்களும் அப்படிப்பட்ட கணக்குகளுக்கே ஒதுக்கப்பட்டு, பிறகு அந்த நேரம் மேலும் நீட்டிக்கப்பட்டது. மாதத்துக்கு 12 டிக்கெட் என்ற வரம்பும் இணைத்த கணக்குக்கு 24 ஆகிறது. போலிக் கணக்குகளை வைத்து நொடிகளில் இடங்களை அள்ளிக்கொண்டவர்களைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. கோடிக்கணக்கான சந்தேகக் கணக்குகள் முடக்கப்பட்டதாக ரயில்வே அமைச்சகம் தெரிவித்திருக்கிறது. தட்கலின் முதல் அரை மணி நேரத்தில் முகவர்களுக்கும் அனுமதி இல்லை.

உங்கள் சிக்கல் பெரும்பாலும் தலைப்பெழுத்தில் இருக்கும். குடும்பப் பெயர் என்ற வழக்கம் நமக்கு இல்லை. தந்தையின் பெயரோ கணவரின் பெயரோ ஒரு எழுத்தாக முன்னால் நிற்கும், சில சான்றுகளில் பின்னால் போகும், சிலவற்றில் முழுப் பெயராக விரியும். நமக்கு எல்லாம் ஒன்றுதான். கணினி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. ஆதார் அட்டையை எதிரில் வைத்துக்கொண்டு, அதில் ஆங்கிலத்தில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே, எழுத்து முன்னாலா பின்னாலா என்பதும் இடைவெளியும் உட்பட, உங்கள் ஐ.ஆர்.சி.டி.சி. சுயவிவரத்தைத் திருத்துங்கள். பிறந்த தேதியும் பாலினமும் பொருந்த வேண்டும். பள்ளிச் சான்றிதழில் ஒரு தேதியும் ஆதாரில் வேறொரு தேதியும் உள்ளவர்கள் ஆதாரில் உள்ளதையே இங்கே இட வேண்டும். ஆதாருடன் இணைந்த கைப்பேசி எண் பழையதாக இருந்தால் ஓ.டி.பி. வராது, அதற்கு ஆதார் சேவை மையத்துக்கு நேரில் போய் எண்ணை மாற்ற வேண்டும். இதைப் பண்டிகைக்கு முன்தினம் தொடங்காமல் இப்போதே செய்துவிடுங்கள்.

கேள்வி: 74 வயதுத் தாயாருக்குக் கீழ்ப் படுக்கை வேண்டும் என்று குறிப்பிட்டும் நடுப் படுக்கைதான் வந்தது. நான், மனைவி, தாயார் மூவரும் ஒரே டிக்கெட்டில் போனோம். வயதானவர்களுக்கு முன்னுரிமை என்பது வெறும் பேச்சா?
— வாசகர், ஈரோடு

பதில்: முன்னுரிமை இருக்கிறது; ஆனால் நீங்கள் மூவராக எடுத்ததால் அதற்குள் வரவில்லை. மூத்தோருக்கான கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு, 60 வயதைக் கடந்த ஆண்களும் 45 வயதைக் கடந்த பெண்களும் தனியாகவோ, அத்தகுதியுள்ள இருவராகவோ ஒரே டிக்கெட்டில் போகும்போதுதான் செயல்படும். தகுதியில்லாத ஒருவர் சேர்ந்தாலும், இருவருக்கு மேல் போனாலும், கணினி அந்த ஒதுக்கீட்டைப் பார்ப்பதில்லை. தாயாருக்குத் தனி டிக்கெட்டை அந்த ஒதுக்கீட்டில் எடுத்துவிட்டு, நீங்கள் இருவரும் வேறு டிக்கெட்டில் எடுக்கலாம். பெட்டிகள் மாறிப்போகலாம் என்பது இதிலுள்ள குறை. அது கவலையாக இருந்தால், பொது ஒதுக்கீட்டிலேயே குறைந்தது ஒரு கீழ்ப் படுக்கை கிடைத்தால் மட்டும் பதிவு செய் என்ற விருப்பத்தைத் தேர்ந்தெடுங்கள். முழங்கால் வலியுள்ள ஒரு முதியவரை நடுப் படுக்கைக்கு ஏறச் சொல்லும் நிலை யாருக்கும் வரக் கூடாது. இந்த நிபந்தனையை முன்பதிவுத் திரையிலேயே தெளிவாகக் காட்டினால் எத்தனையோ குடும்பங்களுக்கு உதவியாக இருக்கும்.

கேள்வி: இணையத்தில் எடுத்த டிக்கெட் கடைசிவரை காத்திருப்போர் பட்டியலிலேயே இருந்தால் ஏறிப் போகலாமா? பணத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டுமா?
— கல்லூரி மாணவர், கோவை

பதில்: ஏறக் கூடாது. டிக்கெட்டில் உள்ள அனைவரும் காத்திருப்போர் பட்டியலில் இருந்தால், சார்ட் எனப்படும் இறுதிப் பயணிகள் பட்டியல் தயாரானதும் அது தானாகவே ரத்தாகிவிடும். அதன் பிறகு ஏறினால் டிக்கெட் இல்லாத பயணியாகவே பரிசோதகர் கருதுவார். எழுத்தர் கட்டணம் என்று ரயில்வே பிடித்துக்கொள்வது போக மீதித் தொகை தானாகத் திரும்பும், விண்ணப்பம் தேவையில்லை. ஆர்.ஏ.சி. (படுக்கை உறுதியாகாத நிலை) என்றிருந்தால் ஏறலாம், உட்கார இடம் உண்டு.

கேள்வி: எழும்பூரிலிருந்து டிக்கெட் எடுத்திருக்கிறேன். தாம்பரத்தில் ஏறிக்கொள்ளலாமா?
— வாசகி, குரோம்பேட்டை

பதில்: சார்ட் தயாராகும் முன் தளத்திலேயே ஏறும் நிலையத்தை மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு முறைதான் மாற்ற முடியும். மாற்றிய பிறகு எழும்பூரில் ஏறும் உரிமை போய்விடும். முன்பு வண்டி புறப்படுவதற்கு 4 மணி நேரம் முன்னதாகத் தயாரான சார்ட், 2025-இல் மேலும் முன்னதாக்கப்பட்டுவிட்டது. ஆகையால் முந்திய நாளே மாற்றிவிடுவது நல்லது.

கேள்வி: திரும்ப வர வேண்டிய டிக்கெட் பணத்தைப் பற்றிச் சமூக வலைத்தளத்தில் எழுதினேன். சிறிது நேரத்தில் ரயில்வேயிலிருந்து பேசுவதாக ஒருவர் அழைத்து, ஒரு செயலியைப் பதிவிறக்கச் சொன்னார். நம்பலாமா?
— வாசகர், கும்பகோணம்

பதில்: நம்பாதீர்கள். பொதுவெளியில் பி.என்.ஆர். எண்ணையும் கைப்பேசி எண்ணையும் எழுதுகிறவர்களைத் தேடிப் பிடித்து ஏமாற்றுவதையே சிலர் தொழிலாக வைத்திருக்கிறார்கள். திரும்ப வரும் பணம் நீங்கள் கட்டிய அதே கணக்குக்குத் தானாகவே வருவதால், அதற்காக உங்கள் அட்டை எண்ணோ ரகசிய எண்ணோ ஓ.டி.பி.-யோ யாருக்கும் தேவைப்படாது. யூ.பி.ஐ.-யில் பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணை இட வேண்டியதே இல்லை. ஐ.ஆர்.சி.டி.சி.-யின் பெயரில் போலிச் செயலி பரவியதை அந்நிறுவனமே 2023-இல் எச்சரித்தது. செயலியைக் கூகுள் பிளே போன்ற அதிகாரபூர்வ அங்காடியிலிருந்து மட்டும் எடுங்கள். இணைப்பாக வந்ததைத் திறக்காதீர்கள்.

அவர் சொன்ன செயலியை ஏற்கெனவே பதிவிறக்கிவிட்டிருந்தால், கைப்பேசியின் இணையத் தொடர்பை உடனே துண்டித்துச் செயலியை நீக்கிவிட்டு, வேறொரு கைப்பேசியிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணை அந்த நிமிடமே அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகரும் முன் புகார் பதிவானால்தான் அதை நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.