விடைத்தாளும் ஜெபமும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் இளங்கலை விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பரிணாமத்தை ஏற்பவர்கள் வேதாகமத்தின் முதல் பக்கத்தையே மறுதலிக்கிறவர்கள் என்று எங்கள் ஞாயிறு பள்ளியில் சிறு வயதிலிருந்தே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சென்ற பருவத் தேர்வில் டார்வினைப் பற்றிய 10 மதிப்பெண் வினாவுக்கு நன்றாக விடை எழுதினேன். அன்றிரவு ஜெபத்தில் அதற்காகக் கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்டேன். நான் செய்தது சரிதானா?
கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பதில்: அன்பு மகளே, உன் கடிதத்தின் கடைசி மூன்று வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தேன். முப்பது ஆண்டுகள் விலங்கியல் பாடம் நடத்தியவன், அதே முப்பது ஆண்டுகளும் ஞாயிறுதோறும் ஆராதனையில் அமர்ந்தவன் என்ற உரிமையில் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மன்னிப்புக் கேட்க வேண்டிய பாவம் எதையும் நீ அந்த விடைத்தாளில் எழுதவில்லை. உண்மை என்று உனக்குக் காட்டப்பட்டதைக் கவனமாகக் கற்று, நேர்மையாக எழுதியிருக்கிறாய்.

ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தை எடுத்து மெதுவாக வாசித்துப் பார். வெளிச்சம் முதல் நாளில் உண்டாகிறது. சூரியனும் சந்திரனும் நான்காம் நாளில்தான் வருகின்றன. சூரியனே இல்லாத முதல் மூன்று நாட்களுக்குச் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி உண்டாயின என்ற கேள்வி டார்வினுக்குப் பிறகு முளைத்ததல்ல. ஹிப்போ நகரின் ஆயராக இருந்த அகுஸ்தீன் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைப் பற்றி விரிவாக எழுதி, அந்த நாட்களை நாம் அறிந்த நாட்களைப் போல எண்ணிவிடக் கூடாது என்று கருதினார். அதோடு ஓர் எச்சரிக்கையும் செய்தார்: வானத்தையும் பூமியையும் விலங்குகளையும் பற்றிப் பிறர் ஆராய்ந்து அறிந்திருக்கும் காரியங்களில் ஒரு கிறிஸ்தவன் தவறாகப் பேசி, அதுவே வேதத்தின் கருத்து என்றும் சொல்வானானால், கேட்பவர்கள் உயிர்த்தெழுதலைப் பற்றி அந்த வேதம் சொல்வதை எப்படி நம்புவார்கள் என்று கேட்டார். உன் வயதுப் பிள்ளைகள் பலர் சபையை விட்டு ஓசையின்றி விலகிப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த எச்சரிக்கைதான் நினைவுக்கு வருகிறது.

அந்த அதிகாரத்தில் இன்னொன்றையும் கவனி. சூரியன், சந்திரன் என்ற பெயர்களே அங்கு வருவதில்லை. 'பெரிய சுடர்', 'சிறிய சுடர்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. பாபிலோனில் சூரியனும் சந்திரனும் கோயில் கட்டி வணங்கப்பட்ட தெய்வங்கள். அப்படிப்பட்ட அண்டை நாடுகளுக்கு நடுவில் வாழ்ந்த ஒரு சிறு ஜனத்திடம், நீங்கள் அஞ்சி நடுங்கும் இவை எங்கள் தேவன் ஏற்றி வைத்த விளக்குகள் என்று சொல்வதற்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும் என்று எண்ணிப் பார். யாரை வணங்குவது, யாருக்கு அஞ்சாமல் இருப்பது என்பதே அந்தப் பக்கத்தின் செய்தி. பூமியின் வயதைக் கணக்கிடும் பொறுப்பை அதன் தலையில் ஏற்றியவர்கள் பின்னால் வந்தவர்கள். அயர்லாந்தின் பேராயர் அஷர் 1650ஆம் ஆண்டில், வேதத்தின் வம்ச வரலாறுகளைக் கூட்டிப் பார்த்து, உலகம் கி.மு. 4004இல் படைக்கப்பட்டது என்று எழுதினார். அவர் பெரிய கல்விமான். ஆனால் அந்த எண் அவருடைய கணக்கு, வேத வசனம் அல்ல.

'பூமியானது பிறப்பிக்கக்கடவது' என்பதும் அதே அதிகாரத்தின் சொல்தான். தேவன் பூமிக்குக் கட்டளையிடுகிறார், பூமி பிறப்பிக்கிறது. அது எத்தனை காலத்தில், எந்த வழியாகப் பிறப்பித்தது என்பதைத்தான் உன் பாடப்புத்தகம் ஆராய்கிறது.

என் மருமகள் ஐந்தாம் மாதத்தில் ஸ்கேன் எடுத்துக்கொண்டபோது மருத்துவர் எங்களையும் உள்ளே அழைத்துத் திரையைக் காட்டினார். முத்துகளைக் கோத்து வைத்ததுபோல் முதுகெலும்பு தெரிந்தது. மிகச் சிறிய இடத்தில் இருதயம் துடித்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு செல் எப்படிப் பிரிந்து பிரிந்து அந்த உருவத்தை அடைந்தது என்பதை வாரம் வாரமாக நான் வகுப்பில் விளக்கியிருக்கிறேன். ஆயினும் அன்று வீட்டுக்கு வந்து, 'என் தாயின் கர்ப்பத்தில் என்னைக் காப்பாற்றினீர்' என்ற 139ஆம் சங்கீதத்தைத்தான் வாசித்து ஜெபித்தோம். செல் பிரிவது தெரிந்துவிட்டதால் குழந்தை கர்த்தர் தந்தது இல்லை என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒன்பது மாதம் நடப்பதை இப்படி விசுவாசத்தோடு பார்க்கத் தெரிந்த நமக்கு, கோடிக்கணக்கான ஆண்டுகள் நடந்ததைப் பார்க்க மட்டும் ஏன் இத்தனை அச்சம்?

டார்வினின் நூல் 1859இல் வெளிவந்தவுடன் கிறிஸ்தவர்கள் அனைவரும் எதிர்த்தார்கள் என்று சொல்வதும் சரியல்ல. இங்கிலாந்துத் திருச்சபையின் குருவான சார்லஸ் கிங்ஸ்லி அதை வரவேற்று டார்வினுக்கே கடிதம் எழுதினார். அமெரிக்காவில் அந்தக் கொள்கைக்காக முன்னின்று வாதாடிய தாவரவியல் அறிஞர் ஏசா கிரே, உறுதியான விசுவாசி. டென்னசி மாநிலத்தின் டேட்டன் நகரில், பரிணாமம் கற்பித்த ஓர் ஆசிரியர்மீது 1925இல் நடந்த புகழ்பெற்ற வழக்கில், எதிர்ப்புக்குத் தலைமை தாங்கிய வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனே, படைப்பின் நாட்கள் 24 மணி நேர நாட்கள் என்று தாம் கருதவில்லை எனச் சாட்சிக் கூண்டில் ஒப்புக்கொண்டார். கத்தோலிக்கத் திருச்சபையில் 1996இல் போப் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைக் கடந்துவிட்டது என்று எழுதினார்.

வாய்ப்புக் கிடைத்தால் பெரம்பலூர் மாவட்டத்தில் உள்ள காரை கிராமத்துக்குப் போய் வா. மழை அரித்த ஓடைகளில் குனிந்து தேடினால், அம்மோனைட்டு என்ற பழங்காலக் கடல் உயிரினத்தின் சுருண்ட ஓடுகளின் பதிவுகள் கையில் கிடைக்கும். என் மாணவர்களோடு அங்கே சென்றபோது ஒருத்தி உள்ளங்கையளவு ஒன்றை எடுத்து, மண்ணைத் துடைத்து, அதன் விலாக்கோடுகளை விரலால் தடவிப் பார்த்தபடி வெகுநேரம் பேசாமல் நின்றாள். கடல் இன்று அங்கிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அந்த உயிரினமோ 6 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பூண்டோடு அற்றுப்போயிற்று. அந்தக் கல் பொய் சொல்கிறது என்று நாம் சொல்வோமானால், பூமியை உண்டாக்கியவர் அதில் பொய்யை எழுதி வைத்தார் என்று சொல்வதாகும். அப்படிச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஆறு நாட்களை எழுத்தின்படியே நம்புகிற உன் ஞாயிறு பள்ளி ஆசிரியை உனக்கு வசனத்தை ஊட்டி வளர்த்தவர். அவரோடு வழக்காட வேண்டாம். அவருடைய ஜெபத்தை இழந்துவிடாதே. ஆனால் அடுத்த தேர்வில் விடை எழுதிய பிறகு, எழுதத் துணை நின்றதற்காக நன்றி சொல்லி ஜெபம் பண்ணு.

கேள்வி: குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் இன்றும் குரங்குகள் ஏன் இருக்கின்றன? அவை ஏன் மனிதனாக மாறவில்லை?
வாசகர், தரங்கம்பாடி

பதில்: ஐயா, இன்றைய குரங்கு நமக்குப் பாட்டன் என்று எந்த உயிரியல் நூலும் சொல்லவில்லை, பங்காளி என்றுதான் சொல்கிறது. ஒரே கொள்ளுப்பாட்டன் வழியில் இரண்டு குடும்பங்கள் பிரிந்து வெவ்வேறு ஊர்களில் குடியேறினால், ஒரு குடும்பம் இருப்பதற்காக மற்றது அழிந்திருக்க வேண்டியதில்லை. அந்த உறவின் தடயம் நம் உடலிலேயே இருக்கிறது. செல்லுக்குள் மரபணுக்களைத் தாங்கியிருக்கும் இழைகளான குரோமோசோம்கள் சிம்பன்சிக்கு 24 இணை. நமக்கு 23 இணை. நம்முடைய இரண்டாம் குரோமோசோம், இரண்டு பழைய குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டியதால் ஆனது. வழக்கமாக ஓரத்தில் மட்டும் இருக்க வேண்டிய முனைப்பகுதியின் எச்சம் அதன் நடுவில், ஒட்டிய இடத்தில், இன்னமும் காணப்படுகிறது. மனித மரபணுத் தொகுதியைப் படித்தறியும் பெருந்திட்டத்தை அமெரிக்காவில் வழிநடத்தி 2003இல் முடித்த பிரான்சிஸ் காலின்ஸ், தம் கிறிஸ்தவ விசுவாசத்தை வெளிப்படையாக அறிக்கையிடுகிறவர் என்பதையும் தங்களுக்குத் தெரிவிக்க விரும்புகிறேன்.

கேள்வி: பாவத்தினாலே மரணம் உலகத்தில் பிரவேசித்தது என்று பவுல் எழுதுகிறார். ஆதாமுக்கு முன்பே விலங்குகள் செத்துப் புதைபடிவமாயின என்றால் அந்த வசனம் என்ன ஆவது?
சபை மூப்பர், மார்த்தாண்டம்

பதில்: வந்த கேள்விகளில் இதுவே கடினமானது, குரங்கைப் பற்றிய கேள்வியைவிட இதற்குத்தான் நம் போதகர்கள் நேரம் ஒதுக்க வேண்டும். பவுல் அந்த வசனத்திலேயே மரணம் 'எல்லா மனுஷருக்கும்' வந்ததாகத்தான் எழுதுகிறார். விலங்குகளை அவர் அங்கே பேசவில்லை. 'அதைப் புசிக்கும் நாளில் சாகவே சாவாய்' என்று ஆதாமுக்குச் சொல்லப்பட்டது. அவன் புசித்தான், ஆயினும் 930 வருஷம் உயிரோடிருந்தான் என்று ஆதியாகமமே கூறுகிறது. ஆகவே அந்த நாளில் அவனுக்கு நேர்ந்த சாவு, மூச்சு நிற்பதற்கு முந்தியது. தோட்டத்தில் உலாவிய தேவனுடைய சத்தத்தைக் கேட்டு மரங்களுக்குள்ளே ஒளிந்துகொண்டானே, அந்தப் பிரிவிலேயே அது தொடங்கிவிட்டது என்று நான் வாசிக்கிறேன். இதில் வேறு விதமாக விளக்கம் சொல்லும் நல்ல விசுவாசிகளும் இருக்கிறார்கள். விலங்குகளின் மரணத்தைப் பொறுத்தவரை, படைப்பைப் போற்றிப் பாடும் 104ஆம் சங்கீதத்தைத் தாங்கள் ஒருமுறை முழுமையாக வாசிக்க வேண்டுகிறேன். பாலசிங்கங்கள் இரைக்காகக் கெர்ச்சிப்பதை அது சாபமாகச் சொல்லவில்லை. அவை தேவனிடத்தில் தங்கள் ஆகாரத்தைத் தேடுகின்றன என்று சொல்லித் துதிக்கிறது.