இந்தியாவும் ஜப்பானும் இவ்வளவு நெருங்குவது ஏன்?

வியூகக் கூட்டாண்மை என்றால் வணிகத்தோடு நிற்காமல் பாதுகாப்பு, தொழில்நுட்பம் எல்லாவற்றிலும் இரு நாடுகள் நீண்ட காலத்துக்குச் சேர்ந்து திட்டமிடுவது. இந்தியாவும் ஜப்பானும் 2014இல் தங்கள் உறவைச் 'சிறப்பு' வியூகக் கூட்டாண்மையாக உயர்த்தின.

முக்கியக் காரணம் கடல்தான். ஜப்பான் வாங்கும் கச்சா எண்ணெயில் பெரும்பகுதி மேற்காசியாவிலிருந்து இந்தியப் பெருங்கடல் வழியாகப் போகிறது. அந்த வழியோரத்தில் இருப்பது இந்தியா. சீனாவோடு இருவருக்குமே தகராறு உண்டு: இங்கே லடாக், அங்கே ஜப்பான் வசமிருக்க சீனாவும் உரிமை கோரும் சென்காகு தீவுகள். ஒரே பாதையில் தினமும் போய்வரும் இரண்டு வீட்டார் சேர்ந்து விளக்குப் போட்டுக் காவல் பார்ப்பது போலத்தான் இது. அப்புறம், டெல்லி மெட்ரோவுக்கு ஜப்பான் தந்த கடன். மக்கள் தினமும் தொட்டு உணர்வது அதைத்தான் என்பேன்.

பலர் நினைப்பது போல இது ராணுவக் கூட்டணி அல்ல. ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் போருக்கு வந்தே ஆகவேண்டும் என்ற கடமை இதில் இல்லை.